கொங்கு நாட்டில் பானை செய்தவர்கள் எங்கே போனார்கள்?

கேள்வி கேட்டவர் திருப்பூருக்குப் பக்கத்து ஊர்க்காரர். தைப் பொங்கல் நோம்பிக்கும் மாரியம்மன் பூச்சாட்டுத் திருவிழாவுக்கும் பானை கொண்டுவந்து கொடுத்த குயவர் வீடு அவர் ஊரில் பூட்டிக் கிடக்கிறது, மகன் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும்தான் இந்தத் தொழிலை அழித்ததா, நாமெல்லாம் மறுபடி மண்பானை வாங்க ஆரம்பித்தால் அவர்கள் திரும்பி வருவார்களா என்று கேட்டிருக்கிறார். நான் படித்த வரைக்கும் இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. தொழில் ஏன் நின்றது என்பது ஒன்று. அந்தக் குடும்பம் சக்கரத்தை விட்டுப் போனது வருத்தப்பட வேண்டிய விசயமா என்பது இன்னொன்று, அதை அவர் நேராகக் கேட்கவில்லை. இரண்டையும் தனித்தனியாகத்தான் பேச வேண்டும், ஏனென்றால் முதல் கேள்விக்கு வருகிற பதில் இரண்டாவதற்குப் பொருந்தாது.

நான் இந்தச் சமூகத்தில் பிறந்தவன். அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, கடைசி வரை சக்கரத்தில் உட்கார்ந்தவர், அப்பா பாதி வயதில் நூற்பாலைக்குப் போனவர், நான் பொருளாதாரம் படித்துக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கிராமத் தொழில்களைப் பற்றி மாணவர்களோடு ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டும் இருக்கிறேன். நான் நன்றாக அறிந்தது காங்கேயம், தாராபுரம், பல்லடம், பெருந்துறை சுற்றுவட்டாரம்தான். கீழே சொல்வதெல்லாம் இந்தப் பக்கத்துக் கதை, தமிழ்நாடு முழுக்க இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மானாமதுரை மாதிரி ஊரே சேர்ந்து தொழில் செய்கிற இடத்தின் பொருளாதாரம் வேறு. இங்கே அப்படிக் கூட்டமாக இருந்த ஊர்கள் குறைவு, ஊருக்கு ஒன்றிரண்டு வீடு, அந்த ஊரையும் சுற்றியிருக்கிற சின்ன ஊர்களையும் நம்பிய பிழைப்பு. பின்னால் சொல்லப்போகிற பலதுக்கும் காரணம் இந்தச் சிதறல்தான்.

சரி, முதலில் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் குடம் வந்ததும் தண்ணீர்ப் பானை விற்பனை படுத்தது உண்மை. ஆனால் அது கடைசியாக விழுந்த அடி. முதல் அடி நூறு வருசத்துக்கும் முன்னாலேயே கூரையில் விழுந்துவிட்டது. குயவர் செய்தது பானை சட்டி மட்டும் இல்லை. ஊரில் ஓட்டு வீடு என்றால் அதன் மேல் இருந்த நாட்டு ஓடெல்லாம் அவர் சக்கரத்தில் குழாய் மாதிரி எடுத்து, நீளவாக்கில் அறுத்து, சூளையில் சுட்டுக் கொடுத்தது. ஒரு வீட்டுக்கு ஓடு போட்டால் அது பல மாத வேலை, வருசா வருசம் ஓடு மாற்றுகிற வேலை வேறு. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ மிஷன்காரர்கள் இயந்திர ஓட்டு ஆலை ஆரம்பித்தார்கள், பிறகு மலபார்க் கரை நெடுக அதே மாதிரி ஆலைகள் வந்தன. 1862இலேயே சென்னையிலிருந்து போத்தனூர் வழியாக மேற்குக் கரைக்கு ரயில் போய்விட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்தச் சீமை ஓடு கொங்குக்குள் வந்து இறங்க எந்தத் தடையும் இல்லை. அப்புறம் அலுமினியம். சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தது 1898இல். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டை வைத்து மேட்டூரில் அலுமினிய ஆலை ஓட ஆரம்பித்தது 1960களில். சேலம் உருக்காலையில் எவர்சில்வர் தகடு உருட்ட ஆரம்பித்தது 1980களின் தொடக்கத்தில். மண்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டு உலோகமும் நம் பக்கத்திலேயே தயாராகி வந்தவை. பெண்கள் அவற்றுக்கு மாறியதில் எந்தத் தப்பும் இல்லை. கைதவறினால் உடையாத, சீக்கிரம் சூடாகிற, விறகு மிச்சமாகிற பாத்திரத்தை யார்தான் வேண்டாம் என்பார்கள்.

இன்னொரு அடியை வெளியூர் ஆட்கள் யோசிப்பதே இல்லை. பனையும் தென்னையும் நிறைந்த நாட்டில் கள்ளுக்கு முட்டியும் கலயமும் ஓயாமல் வேண்டியிருந்தது. மரத்தில் கட்டியது உடையும், விரிசல் விடும், புளித்த வாடை ஏறினால் மாற்ற வேண்டும். ராஜாஜி 1937இல் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். பிறகு கடை திறப்பதும் மூடுவதுமாகப் போய், 1987 முதல் கள்ளுக்குத் தடை இன்றுவரை இருக்கிறது. கள் நல்லதா கெட்டதா என்று இங்கே நான் வாதம் செய்ய வரவில்லை. மரமேறிகளின் பிழைப்பு போனதைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறார்கள், அந்த மரத்தில் தொங்கிய முட்டியைச் செய்தவரைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. பதநீருக்குச் சுண்ணாம்பு தடவிய கலயம் இன்னும் கொஞ்சம் போகிறது, அதுவும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறி வருகிறது.

ஆனாலும் விற்பனை குறைந்ததால்தான் தொழில் நின்றது என்று நான் நினைக்கவில்லை. விற்பனைக்கு முன்னால் இன்னொன்று அறுந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பானையைக் காசுக்கு விற்றது சந்தையில் மட்டும்தான். ஊருக்குள் கணக்கே வேறு. தோட்டக்காரர் வீட்டுக்கு வருசம் முழுக்க வேண்டிய சட்டி, பானை, மொடா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தாழி, கல்யாணம், கருமாதி, கோயில் காரியம் எல்லாத்துக்கும் குயவர் கொடுப்பார், அறுப்பு முடிந்ததும் களத்தில் கம்பும் சோளமும் ராகியும் அளந்து கொடுப்பார்கள். கம்மி விளைச்சல் என்றால் கம்மி அளவு, அவ்வளவுதான், ஆனால் அடுப்பு எரியும். இந்த ஏற்பாடு நிற்க ஒரே ஒரு விசயம் வேண்டும், களத்தில் தானியம் இருக்க வேண்டும். 1930களில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தது, கிணற்றில் மாடு பூட்டி இறைக்கிற கவலைக்குப் பதில் மோட்டார் ஓடியது, 1950களில் பவானிசாகர் அணை கட்டிக் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மானாவாரிக் காட்டில் கம்பு போட்டவர்கள் பருத்தி, மஞ்சள், கரும்பு, புகையிலை என்று மாறினார்கள், அப்புறம் தென்னை. மஞ்சளையும் தேங்காயையும் களத்தில் நின்று குயவருக்கு அளந்து கொடுக்க முடியாது, அது வியாபாரியிடம் போய்ப் பணமாகத்தான் திரும்பி வரும். பணம் வந்ததும் கணக்கும் பணமானது. வருசத்துக்கு இத்தனை வள்ளம் தானியம் என்று இருந்தது, ஒரு பானைக்கு இத்தனை ரூபாய் என்று ஆனது. அந்த ரூபாய்க்குச் சந்தையில் அலுமினியம் கிடைக்கும்போது பானை எதற்கு என்ற கேள்வி அதற்கப்புறம்தான் வந்தது. பண்ணயம், அதாவது விவசாயம், மாறியதுதான் முதல் காரணம், பாத்திரம் மாறியது இரண்டாவது. இந்த வரிசையை எந்தப் புள்ளிவிவரமும் வைத்து நான் நிறுவ முடியாது, வயதானவர்கள் பல ஊரில் சொன்னதிலிருந்து நான் எடுத்த முடிவு இது.

அந்தத் தானிய ஏற்பாட்டைப் பொற்காலம் மாதிரி பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அளந்து போடுகிற வரை களத்து ஓரத்தில் நிற்க வேண்டும். அப்பாருவை அவர் பேரன் வயசுப் பையன்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவர் திருப்பி மரியாதையாகத்தான் பேச வேண்டும். படி கூடவா குறையவா என்று கேட்கிற உரிமை கிடையாது. பசி இல்லாமல் பார்த்துக்கொண்ட ஏற்பாடுதான், ஆனால் தலைநிமிர விடாத ஏற்பாடும் அதுவே. நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் மேஸ்திரி தன்னை ஊர் தெரியாமல், குலம் தெரியாமல் வேலையை மட்டும் பார்த்துப் பேசினார் என்று அப்பா இப்போதும் சொல்வார். அதை அவர் சம்பளத்துக்கும் மேலே வைத்துப் பேசுவார்.

இதற்குப் பிறகு மண். இங்கேதான் இன்றைக்கும் தொழிலில் இருப்பவர்கள் அடிபடுகிறார்கள், கேள்வி கேட்டவர் கவனிக்க வேண்டியதும் இதைத்தான். எல்லா மண்ணிலும் பானை வராது. நம் பக்கத்துக் கரிசல் தனியாக எடுத்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும், செம்மண் தனியாக எடுத்தால் சக்கரத்தில் எழும்பாமல் உதிரும். குளத்தில் ஒரு அடுக்கில் கிடைக்கிற களிமண்ணோடு செம்மண்ணும் பொடி மணலும் இந்த அளவு என்று கைப்பக்குவத்தில் கலக்க வேண்டும். அடுப்பில் ஏற்றுகிற சட்டிக்கு மணல் கொஞ்சம் கூட, தண்ணீர்ப் பானைக்கு வேறு அளவு. கொங்கு மண்ணில் இன்னொரு எதிரி சுக்கான்கல் என்கிற சுண்ணாம்புக் கல். மிளகு அளவு சுக்கான்கல் ஒன்று மண்ணுக்குள் தங்கிவிட்டால் சூளையில் அது வெந்து சுட்ட சுண்ணாம்பு ஆகும். பானை பார்க்க நன்றாகத்தான் இருக்கும், சூளை பிரித்த பிறகு காற்றிலிருக்கும் ஈரத்தை அந்தச் சுண்ணாம்பு இழுத்து ஊதி, மேல் மண்ணைப் பொட்டென்று தெறிக்க வைக்கும். விற்ற பானை வாங்கியவர் வீட்டில் தானாகப் பொத்துப்போகும், கெட்ட பேர் குயவருக்கு. அதனால்தான் பாட்டன் காலத்திலிருந்து இந்தக் குளத்தில் இந்த மூலையில் எடுத்த மண் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இடம் இருந்தது. நொய்யல் ஓரக் குளங்களில் சாயக்கழிவின் உப்பு சேர்ந்த பிறகு அந்த மண்ணில் செய்த பானை காயும்போதே மேலே வெள்ளையாகப் பூக்கிறது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பிறகு கழிவு குறைந்தது என்றாலும் படிந்த உப்பு ஒரே மழையில் போய்விடுவதில்லை.

மண் எடுக்க அனுமதி விசயத்தில் சட்டம் எங்களுக்கு எதிராக இல்லை, இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பல பேர் இதை மாற்றிச் சொல்கிறார்கள். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் 1959இன்படி மாவட்ட அரசிதழில் அறிவித்த ஏரி குளங்களில் விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் கட்டணம் இல்லாமல் மண் எடுக்கலாம். 2024இல் இதை இன்னும் எளிதாக்கி, இணையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம் என்று ஆக்கினார்கள். மண்பாண்டத் தொழிலாளிக்கு 60 கன மீட்டர் வரை என்பது அளவு. நம் ஊர்க் கணக்கில் ஒரு யூனிட் 100 கன அடி, அப்படிப் பார்த்தால் இருபது யூனிட்டுக்கு மேல் வரும், ஒரு குடும்பத்துக்குத் தாராளம். சிக்கல் நடைமுறையில் இருக்கிறது. அறிவித்த குளம் ஒரு பக்கம், களி இருக்கிற குளம் வேறு பக்கம். தூர்வாருகிறவர்கள் பொக்லைன் வைத்து மேல் வண்டலை வாரிக் கொடுப்பார்கள், அது தென்னைக்கு நல்லது, பானைக்கு ஆகாது. டிராக்டர் வாடகையும் ஏற்றுகூலியும் சேர்ந்தால் இலவச மண் இலவசமாக இருக்காது. கோவை தடாகம் பள்ளத்தாக்கில் கணக்கில்லாமல் செம்மண் வெட்டிய செங்கல் சூளைகளை 2021இல் மூடினார்கள், மூட வேண்டியதுதான், யானை நடமாடுகிற இடம் அது. ஆனால் அதற்குப் பிறகு மண் ஏற்றிய வண்டி என்றாலே சந்தேகம். ஆயிரக்கணக்கில் லோடு வெட்டியவருக்கும் வருசத்துக்கு இரண்டு லோடு கேட்கிற கிழவருக்கும் ஒரே பார்வைதான் விழுகிறது. கொடுமணலில் தோண்டியெடுத்த, தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளை வைத்து நம் எழுத்தின் வயசைப் பேசுகிறோம், பெருமைதான். அதே நொய்யல் கரையில் இன்று ஒருவர் பானை வனைய ஒரு வண்டி மண்ணுக்கு எத்தனை மேசைக்கு நடக்கிறார் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் ஆசை.

மண் கிடைத்தாலும் காய வைக்கவும் சுடவும் இடம் வேண்டும். முன்பு சூளை ஊருக்கு வெளியே பொறம்போக்கில் இருந்தது, இப்போது அதைச் சுற்றி மனை போட்டு வீடு கட்டிவிட்டார்கள், புகை வருகிறது என்று புகார் போகிறது. புகை வருவதும் உண்மை, குழந்தை இருக்கிற வீட்டில் அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல முடியாது. வைக்கோல், விறகு, தேங்காய் மட்டை எல்லாத்துக்கும் விலை. முன்னெல்லாம் தோட்டத்தில் சும்மா அள்ளிக்கொண்டு வந்தது, இப்போது மட்டை கயிற்று ஆலைக்கும் தேங்காய்த் தொட்டி கரி ஆலைக்கும் போகிறது. அப்புறம் மழை. கார்த்திகை தீபமும் தைப் பொங்கலும்தான் வருசத்தில் பெரிய விற்பனை. நமக்குப் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில். விளக்கும் பானையும் அதிகம் வேண்டியிருக்கிற மாதங்களுக்கு நேர் முன்னால் மண் காயாது, சூளை வைக்க முடியாது. அதனால் ஆடி ஆவணியிலேயே செய்து அடுக்கி வைக்க வேண்டும், நாலைந்து மாதம் காசு முடங்கும், அதற்குக் கடன் வாங்க வேண்டும் அல்லது வியாபாரியிடம் முன்பணம் வாங்க வேண்டும், முன்பணம் வாங்கினால் விலையை அவர்தான் சொல்வார். அரசு மழைக்காலத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கிறது, நல்ல ஏற்பாடு. நல வாரியத்தில் பதிந்திருந்தால்தான் கிடைக்கும், பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் நிறைய, உங்கள் ஊரில் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

இப்போது பூட்டிய வீட்டுக்கு வருகிறேன். பனியன் கம்பெனியில் சனிக்கிழமை ஆனால் கையில் சம்பளம். சூளை வைத்தால் பிரிக்கிற அன்றுதான் தெரியும் எவ்வளவு தேறியது என்று. இந்த ஒரு வித்தியாசம் போதும் ஒரு குடும்பத்தைச் சக்கரத்திலிருந்து எழுப்ப. ஆனால் என் கண்ணுக்கு முக்கியமாகப் படுவது பெண்கள் பக்கம். பானை வேலையில் சக்கரத்தில் உட்காருவது ஆண், அவர் பேர்தான் வெளியே தெரியும். மண் மிதிப்பது, சலிப்பது, பலகையும் கல்லும் வைத்துத் தட்டி அடியை மூடுவதில் பாதி, காவி பூசித் தேய்ப்பது, காயக் காய வெயிலுக்கும் நிழலுக்கும் மாற்றி வைப்பது, கூடையில் சுமந்து சந்தையில் போய் விற்பது, இதெல்லாம் பெண்கள் செய்தார்கள். அந்த உழைப்புக்குத் தனிக் கூலி கிடையாது. அதே பெண் பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது உதவியாளாகச் சேர்ந்து, பிறகு செக்கிங், பிறகு டெய்லர் என்று போனால் அவள் பெயருக்குச் சம்பளம், அவள் பெயரில் வங்கிக் கணக்கு. என் சித்தி ஒருத்தி, கம்பெனிக்குப் போன பிறகுதான் மகளை நர்சிங் படிக்க வைத்தார், சித்தப்பா சக்கரத்திலேயே இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று அவரே சொல்வார். பனியன் கம்பெனி வேலை சுகம் என்று நான் சொல்லவில்லை, பன்னிரண்டு மணி நேர நிற்பும் பஞ்சுத் தூசியும் ஆர்டர் இல்லாத மாதங்களும் எனக்குத் தெரியும். ஆனாலும் விட்டுப் போனவர்கள் தோற்றுப் போனவர்கள் இல்லை, கணக்குப் பார்த்து முடிவெடுத்தவர்கள்.

இதனால்தான் பிள்ளைகள் அப்பன் தொழிலை விட்டுவிட்டார்களே என்ற வருத்தத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. 1953இல் ராஜாஜி அரைநாள் பள்ளி, அரைநாள் வீட்டுத் தொழில் என்று கொண்டுவந்தார், எதிர்ப்பு கிளம்பி, காமராசர் முதல்வரானதும் 1954இல் அது கைவிடப்பட்டது. அது நீடித்திருந்தால் அப்பா படித்த கொஞ்சப் படிப்பும் இல்லாமல் போயிருக்கும், நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். 2023இல் ஒன்றிய அரசு கைவினைஞர்களுக்காகக் கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில் குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இருந்ததைத் தமிழ்நாடு அரசு எதிர்த்ததும் இந்த நினைவிலிருந்துதான். அதற்குப் பதிலாக 2025இல் வந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது ஆனவர்களுக்குத்தான் கடன், 3 லட்சம் வரை, அதில் 25 சதவீதம் மானியம், உச்சம் 50,000 ரூபாய். சாதி கேட்பதில்லை, தொழில் தெரிந்தால் போதும். படிக்கிற வயதுப் பிள்ளையை அப்பன் தொழிலுக்கு இழுக்காமல், தானே அந்தத் தொழிலைத் தேர்ந்தவருக்குக் கடன் கொடுப்பது சரியான வழி என்பது என் கருத்து. விஸ்வகர்மாவை ஆதரிக்கிற எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள், 15,000 ரூபாய்க்குக் கருவியும் 5 சதவீத வட்டியில் கடனும் ஏன் நமக்கு மட்டும் வேண்டாம் என்று அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு.

தொழிலில் இன்னும் இருக்கிற வீடுகள் எதை வைத்து ஓடுகின்றன என்றால், பெரும்பாலும் சாமியையும் சடங்கையும் வைத்துத்தான். கொங்குக் கல்யாணத்தில் மணமேடையில் நடுகிற அரசாணிக்காலுக்குப் பக்கத்தில் அடுக்குகிற பானைகள், சுண்ணாம்பும் காவியும் வைத்துக் கோலம் எழுதியவை, குயவர் வீட்டிலிருந்து சீரோடு எடுத்து வர வேண்டும். மண்டபக் கல்யாணம் வந்த பிறகு அதையும் அலங்காரக்காரரே வாடகைக்குக் கொண்டுவந்து வைக்கிறார். ஆனால் பூவோடு, அதாவது வேண்டுதலுக்குக் கையில் ஏந்துகிற நெருப்புச் சட்டி, அப்படி இல்லை. உடுமலை, பொள்ளாச்சி மாரியம்மன் நோம்பியாகட்டும், கோவை தண்டுமாரியம்மன் அக்கினிச்சட்டியாகட்டும், கையில் நெருப்பை ஏந்துகிறவருக்கு எவர்சில்வர் உதவாது, போன வருசச் சட்டியும் ஆகாது. வேண்டுதலுக்கு உருவாரம் செய்து வைக்கிற பழக்கமும் பல ஊரில் இருக்கிறது, குழந்தை, கால், கை, மாடு என்று. கருமாதிக்குக் கொள்ளிச்சட்டியும் நீர்க்குடமும் வேண்டும், மின்மயானம் வந்தும் அது நிற்கவில்லை. விநாயகர் சதுர்த்திக்குப் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் சிலை கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் விதியைக் கடுமையாக்கிய பிறகு களிமண் பிள்ளையாருக்குக் கொஞ்சம் கிராக்கி வந்திருக்கிறது. ஆக இது வருசத்தில் சில வாரம் மட்டும் பரபரப்பாக இருக்கிற தொழில். மீதி மாதங்களுக்கு இன்னொரு வேலை வேண்டும். நான் பார்க்கிற வீடுகளில் அப்பா பானை, அம்மா நூறு நாள் வேலை அல்லது தோட்ட வேலை, மகன் கம்பெனி, நோம்பி சமயத்தில் மகன் லீவு போட்டு வந்து மண் மிதிக்கிறார். தொழில் அழிந்துவிட்டது என்று சொல்வதை விட அது பகுதிநேர வேலையாகச் சுருங்கிவிட்டது என்று சொல்வது உண்மைக்குப் பக்கம்.

நாமெல்லாம் மறுபடி வாங்கினால் என்ற கேள்விக்கு வருகிறேன். வாங்குகிறவர்கள் ஏற்கெனவே கூடியிருக்கிறார்கள். பானை பிரியாணிக் கடை, மண்சட்டி மீன் குழம்பு, கோடைக்குக் குழாய் வைத்த தண்ணீர்ப் பானை, தோட்டத் தொட்டி, சுடுமண் நகை, எல்லாம் இந்தப் பத்துப் பதினைந்து வருசத்தில் பெருகியவை. ஆனால் அவினாசி ரோட்டில் கோடையில் அடுக்கி வைத்திருக்கிற பானைகளில் நிறைய குஜராத்திலிருந்து லாரியில் வருகிற அச்சுப் பானை, கொஞ்சம் மானாமதுரையிலிருந்து வருவது. நீங்கள் கொடுக்கிற காசு உங்கள் ஊர்க் குயவருக்குப் போகாது. அச்சுப் பானை மோசம் என்று நான் சொல்லமாட்டேன், தண்ணீர் குளிர்வதற்கு வேண்டியது சுவரில் நுண்துளை, அது வழியாகக் கசிகிற ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும், அச்சில் செய்தாலும் சக்கரத்தில் செய்தாலும் அது நடக்கும். பளபளப்புக்காக வெளியே வார்னிஷ் பூசியதை மட்டும் வாங்காதீர்கள், துளை அடைபட்டுக் குளிராது, சமைக்கிற சட்டி என்றால் அந்தப் பூச்சு வயிற்றுக்குள்ளும் போகும். மின்சாரச் சக்கரம் பற்றியும் ஒரு வார்த்தை. கதர் கிராமத் தொழில் ஆணையம் 2018 முதல் கொடுக்கிறது, இடுப்பு வலிக்குப் பெரிய நிம்மதி, பெண்களும் உட்கார முடிகிறது. ஆனால் மண்ணும் சூளையும் இல்லாதவர் கையில் சக்கரம் மட்டும் கொடுத்தால் அது மூலையில் கிடக்கும், கிடப்பதைப் பார்த்தும் இருக்கிறேன்.

போனவர்கள் திரும்புவார்களா? நாற்பது வயதுக்குள் போனவர்கள் முழுநேரமாகத் திரும்பமாட்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சக்கரத்தில் உட்காரக் கற்க வருசங்கள் வேண்டும், பலகையில் தட்டி அடி மூடுகிற பக்குவம் அதைவிட மெதுவாக வரும், கம்பெனியில் வளர்ந்த கை அதை இனிமேல் கற்காது. நோம்பிக் காலத்துக்கு மட்டும் திரும்புவது நடக்கும், நடந்துகொண்டும் இருக்கிறது. அடுத்த தலைமுறையில் யாராவது கற்றுக்கொண்டு வருவார்களா என்பது ஊகம்தான், வந்தால் அவர்கள் எங்கள் சாதிக்காரர்களாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கோவையில் சம்பளம் கட்டி வனையக் கற்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன், சந்தோசமாகத்தான் இருக்கிறது. அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற எங்கள் ஊர்ப் பெரியவருக்கு மரியாதையான சம்பளம் போகிறதா என்பதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களால் செய்ய முடிகிறது என்ன என்று கேட்டால், உங்கள் ஊரைச் சுற்றி இன்னும் சூளை வைக்கிற வீடு எது என்று சந்தையில் விசாரியுங்கள், பூச்சாட்டுக் கமிட்டியிலோ கோயில் பூசாரியிடமோ கேட்டால் உடனே சொல்வார்கள். தைக்கு எத்தனை பானை, கார்த்திகைக்கு எத்தனை விளக்கு என்று ஊரே சேர்ந்து ஆடியிலேயே சொல்லி, பாதிக் காசை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், வியாபாரியின் முன்பணத்திலிருந்து அந்த வீடு தப்பிக்கும். கிராம சபையில் எந்தக் குளத்துக் களி வேண்டும் என்று அவரையே சொல்ல வைத்து, அந்தக் குளத்தை அரசிதழ்ப் பட்டியலில் சேர்க்கத் தீர்மானம் போடச் சொல்லுங்கள், சூளைக்குப் பொறம்போக்கில் வீடுகளுக்குத் தள்ளி ஒரு இடமும் கேளுங்கள். பேரம் பேசாதீர்கள். பூட்டிய வீட்டு மகனைப் பார்த்தால், ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்காதீர்கள், நோம்பிக்குச் செய்வதாக இருந்தால் மண் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அது அவருடைய முடிவு.